இருபத்தேழு என்று எழுதியவர்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவரை எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இருபது வருடம் ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்த்தவருக்கு அந்தப் பெயர் வந்தது, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். ஒரு தொட்டியில் வெந்நீர் இருந்தது. யாரோ விளையாட்டாக, "இது எவ்வளவு சூடுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்கள். அவர் இரண்டு விரலை நனைத்து எடுத்து, "நாப்பத்தொண்ணு" என்றார். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் நாற்பத்தொன்று. சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "டிகிரி படிக்காத டிகிரி நம்ம ஆபீஸ்ல இவர் ஒருத்தர்தான்" என்று ஸ்டோர்காரர் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அது பிடித்திருந்தது. போனை எடுத்தால்கூட "டிகிரி பேசுறேன்" என்பார்.

ஏசியைப் பார்த்துக்கொள்ள வந்தவரைக் கொசு அறைக்கு மாற்றியது மேடம்தான். மேடம் என்றால் அங்கே மலேரியாவைப் பற்றி ஆராய்ச்சி செய்த டாக்டர் அம்மா. பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் தரைத்தளத்தின் கோடியில் அந்த அறை. உள்ளே போக வலையடித்த கதவுகள் இரண்டு. முதல் கதவை மூடாமல் இரண்டாவதைத் திறக்கக் கூடாது. நடுவில் சுவரெல்லாம் வெள்ளை. தப்பித்த கொசு உட்கார்ந்தால் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக. அடிக்கிற மட்டை ஒன்று ஆணியில் தொங்கும். உள்ளே போனால் சர்க்கரைத் தண்ணீரில் ஊறிய பஞ்சின் வாசனையும், புழுத் தட்டுகளில் தூவிய மீன் தூளின் வாசனையும் கலந்து வரும். சுவரோரமாகக் கண்ணாடிக் கதவு போட்ட மூன்று சூட்டுப் பீரோக்கள். முதலாவதில் எப்போதும் இருபத்தொரு டிகிரி, இரண்டாவதில் இருபத்துநான்கு, கடைசியில் இருபத்தேழு.

வலைக் கூண்டுகளில் கை விட்டு வேலை செய்வதற்கு, கூண்டின் வாயில் சட்டைக் கை மாதிரி துணிக் கை ஒன்று வேண்டும். அதைத் தைத்துக் கொடுத்தது டிகிரியின் மனைவி. அவள் தையல்காரி. "ஊருக்கெல்லாம் சட்டைக்குக் கை வெச்சேன், கொசுக் கூண்டுக்குக் கை வெப்பேன்னு நினைச்சேனா" என்று சிரித்துக்கொண்டே தைப்பாள். மாமனார் அதற்கு மேலே. கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால், "உலகமே கொசுவை அடிச்சுக் கொல்லுது, எங்க மாப்பிள்ளை அதுக்கு வேளாவேளைக்கு ஊட்டி விடுறார்" என்பார். டிகிரிக்குக் கோபம் வராது. அந்த வேலையில் அவருக்குப் பெருமை இருந்தது. மேடம் அவரை உட்காரவைத்து விளக்கிச் சொல்லியிருந்தார்.

"மலேரியாக் கிருமி கொசு வயித்துக்குள்ள போன உடனே அடுத்த ஆளுக்குப் பரவாது அண்ணே. வயித்துச் சுவர்ல குட்டிக் குட்டிக் கட்டியா வளரணும். அது வெடிச்சு, எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேரணும். இருபத்தேழு டிகிரியில அதுக்குப் பத்துப் பன்னெண்டு நாள் ஆகும். குளிருன்னா இன்னும் நாளாகும். அதுவரைக்கும் கொசு உயிரோட இருக்கணும்ல?"

"கொசுவோட ஆயுசே அவ்வளவுதானே மேடம்?"

"அதான் விஷயம். கிருமி வளந்து முடிக்கிறதுக்குள்ள கொசு செத்துட்டா நோய் பரவாது. கிருமி உள்ள இருக்கிறதே கொசுவுக்கு ஒரு சுமை. சூடு இன்னொரு சுமை. ரெண்டும் சேந்தா அது சீக்கிரம் சாகுதா? எத்தனை டிகிரியில சாகுது? இதுதான் நம்ம கேள்வி. அதனால ஒரு டிகிரி கூடக் குறைய ஆனாலும் கதை மாறிடும். உங்கள நம்பித்தான் இந்த வேலையே."

கடைசி வாக்கியம் டிகிரியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று வீட்டில் அதை மூன்று தடவை சொன்னார்.

வேலை இப்படித்தான் நடக்கும். ஆஸ்பத்திரியில் மலேரியா என்று உறுதியான நோயாளிகள் சம்மதித்துக் கொடுத்த இரத்தம் வரும். அதைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அடியில் மெல்லிய சவ்வைக் கட்டி, சுற்றிலும் வெந்நீர் ஓடவிட்டுக் கூண்டின் மேல் வைத்தால், கொசு அதை மனிதத் தோல் என்று நினைத்துக் குத்திக் குடிக்கும். பாதிக் கொசுக்களுக்கு அந்த இரத்தம் அப்படியே. மீதிப் பாதிக்கு அதே இரத்தத்தைச் சூடாக்கி, கிருமியைக் கொன்றுவிட்டுக் கொடுப்பார்கள். கிருமி உள்ள கூண்டுக்குச் சிவப்புத் துணிக் கை, இல்லாத கூண்டுக்கு வெள்ளை. ஒவ்வொரு பீரோவிலும் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. காலையும் மாலையும் செத்த கொசுக்களை எடுத்து எண்ணுவதும், தெர்மாமீட்டரைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவதும் டிகிரியின் பொறுப்பு.

வயிறு நிறைந்த கொசுவை உறிஞ்சு குழாயால் ஒவ்வொன்றாக எடுத்துக் கூண்டு மாற்றுவதும், எட்டாம் நாள் சில கொசுக்களின் வயிற்றைப் பிரித்து நுண்ணோக்கியில் கட்டிகளை எண்ணுவதும் டீச்சரின் வேலை. முன்பு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் அந்தப் பெயர். குழாயை வாயில் வைத்து மெல்ல இழுத்து, கூண்டுக்குள் பூப்போல ஊதி விடுவார். "தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்று கொசுக்களிடமே சொல்வார்.

முதல் சுற்று குளிர்காலத்தில் முடிந்தது. மூன்று பீரோவிலும் சிவப்புக்கும் வெள்ளைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மேடத்தின் முகம் தொங்கிப்போனது. "முதல் தடவைதானே, எல்லாருக்கும் கை பழகல. இதைப் பயிற்சின்னு வெச்சுப்போம்" என்று அந்தத் தாள்களை ஓரமாக எடுத்து வைத்தார்.

இரண்டாவது சுற்று தொடங்குவதற்கு முந்தைய நாள்தான் அது நடந்தது. கடைசிப் பீரோவைத் துடைத்துவிட்டுக் கூண்டை உள்ளே தள்ளும்போது, கூண்டின் மூலை தெர்மாமீட்டரில் பட்டது. டிக்கென்று ஒரு சத்தம். கீழ் நுனி உடைந்து, உள்ளே இருந்த சிவப்புத் திரவம் தட்டில் சொட்டியது.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் இன்னொன்றை உடைத்திருந்தார். அப்போது ஸ்டோர்காரர் சும்மா விடவில்லை. கேண்டீனில் பத்துப் பேர் முன்னால், "யோவ் டிகிரி, உனக்கு எதுக்குய்யா தெர்மாமீட்டர்? உன் கைய வெட்டி உள்ள மாட்டிட்டா ஆச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், டிகிரியும் சிரித்தார். புதிது வாங்க விளக்கக் கடிதம் எழுதி, இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி, இரண்டு வாரம் அலைய வேண்டியிருந்தது. இப்போது மறுபடியும் போய் நின்றால்? கொசுக்களுக்கு வயது ஐந்து நாள் ஆகியிருந்தது, இரத்தம் குடிக்கத் தயார். இரண்டு வாரம் தள்ளினால் அத்தனையும் வீண். மேடம் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அந்த 'உங்கள நம்பித்தான்' போய்விடும்.

உடைந்த தெர்மாமீட்டரை அதே கிளிப்பில் மாட்டினார். உடைந்த நுனி கூண்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகுகுமிழ் இருபத்தேழில்தான் இருந்தது. உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். சரியாக இருப்பதுபோல்தான் பட்டது. இந்த ஒரு வாரம் சமாளித்துக்கொண்டு அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மறுநாள் ரெஜிஸ்டரில் 27.0 என்று எழுதினார். சாயங்காலமும் 27.0. மூன்றாம் நாள் பக்கத்தைப் பார்த்தபோது அவருக்கே உறுத்தியது. மற்ற இரண்டு பீரோக்களின் கட்டத்தில் 21.2, 20.9, 24.1 என்று எண்கள் ஏறி இறங்கி இருந்தன. இது மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் அசையாமல் நின்றது. அதனால் நாலாம் நாள் 26.8 என்று எழுதினார். அடுத்த வேளை 27.1. அப்புறம் அது கையோடு வந்துவிட்டது. ஒரு வாரம் இரண்டாகி, இரண்டு நான்காகி, இரண்டாவது சுற்று முடிந்து மூன்றாவது சுற்றும் முடிந்தது. நாற்பத்துநான்கு நாள், நாளுக்கு இரண்டு வேளை, எண்பத்தெட்டு எண்கள்.

அந்த நாற்பத்துநான்கு நாளில் வெயில் காலம் வந்திருந்தது. கடைசிப் பீரோவின் சிவப்புக் கூண்டில் கொசுக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. வெள்ளையில் மூன்று செத்தால் சிவப்பில் பதினொன்று. பத்தாம் நாளைத் தொடும் முன்பே சிவப்பில் பாதிக்கு மேல் காலி. மேடம் கண்கள் விரியக் கேட்டார், "அண்ணே, நிஜமாவா? மறுபடியும் எண்ணுங்க." அவர் மறுபடியும் எண்ணினார். எண்ணிக்கையில் அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதை ரொம்ப நாள் தனக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சருக்கு மட்டும் ஏதோ இடித்தது. ஒருநாள் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, "அண்ணே, கடைசிப் பீரோக் கொசு வயித்துல கட்டி ரொம்பக் கம்மியா இருக்கு. சூடு அதிகமானா கிருமியே சரியா வளராதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. பீரோ சரியா இருக்குதா?" என்று கேட்டார்.

"டீச்சர், இருபது வருஷத்துக்கு மேல இந்தக் கை குளிரையும் சூட்டையும் பாக்குது. நீங்க உங்க கண்ணாடியப் பாருங்க" என்றார் டிகிரி. சொன்ன தோரணையில் டீச்சர் வாயை மூடிக்கொண்டார். மேடமோ அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். கட்டி அதிகமாக இருந்த கொசுக்கள்தான் முன்பே செத்துவிட்டன, மிஞ்சியவற்றில் குறைவாக இருக்கிறது என்று.

பெரிய கூட்டம் ஒன்றில் மேடம் அந்த முடிவைப் பேசினார். வெப்ப ஊர்களில் சாதாரணமாக இருக்கும் இருபத்தேழு டிகிரியிலேயே மலேரியாக் கிருமி கொசுவைப் பாதி வழியில் கொன்றுவிடுகிறது என்றால், நோய் எங்கே எவ்வளவு பரவும் என்ற கணக்கெல்லாம் மாறும். ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்று அதைக் கட்டுரையாக அச்சிட்டது. நிலையத்தில் பாராட்டு விழா வைத்து, டிகிரியையும் மேடையேற்றி, "இந்த மனிதர் கையில்தான் எங்கள் இருபத்தேழு டிகிரி இருந்தது" என்று இயக்குநர் சொன்னார். மனைவி புதுப் புடவையில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். டிகிரிக்கு வியர்த்துக் கொட்டியது. வெயில் என்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து வேறொரு நாட்டிலிருந்து கடிதம் வந்தது. அங்கே மூன்று தடவை இதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டார்கள். இருபத்தேழு டிகிரியில் சிவப்பும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் சாகின்றன. உங்கள் கொசுக்களுக்கு என்ன ஆயிற்று என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். மேடம் தூக்கமில்லாத கண்களோடு எல்லாவற்றையும் தோண்டினார். இரத்தம், சவ்வு, சர்க்கரைத் தண்ணீர், கொசு வகை. பிறகு சோதனையில் வேலை பார்த்த ஐந்து பேரை அறையில் கூட்டினார்.

"சூட்டைப் பாத்தீங்களா மேடம்?" என்றார் டீச்சர்.

மேடம் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். "ஒரு வேளை விடாம எழுதியிருக்கு. இது மேல எனக்குச் சந்தேகமே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "கடைசிப் பீரோச் சிவப்புக் கூண்டுக் கொசுவ மட்டும் நீங்க கூடுதலா ரெண்டு தடவை மாத்துறீங்க டீச்சர். ஊதுற வேகத்துல அதுக்கு உள்ள அடிபட்டிருக்கலாம்" என்றார்.

டீச்சர் முகம் வெளுத்தது. அவர் பார்வை எல்லோரையும் சுற்றி டிகிரியிடம் வந்து நின்றது. "அண்ணே, நீங்க பக்கத்துலயே நின்னு பாத்திருக்கீங்க. நான் வேகமா ஊதுவேனா? நீங்க சொல்லுங்க."

டிகிரி தரையைப் பார்த்தார். "நான் எண்ணிக்கிட்டு இருப்பேன் டீச்சர்... அவ்வளவா கவனிச்சதில்ல."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அடுத்த வாரமே டீச்சரை ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் கவுண்டருக்கு மாற்றினார்கள். போகிற அன்று தன் கோப்பையையும் சால்வையையும் பையில் போட்டுக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். டிகிரியிடமும், "வரேன் அண்ணே" என்றார்.

அந்த வார்த்தை அவரை விடவில்லை. மூன்றாம் நாள் மீன் தொட்டி விற்கும் கடைக்குப் போய், தொட்டியில் ஒட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். முதலில் இரண்டாவது பீரோவில் வைத்துச் சரிபார்த்தார். ஒழுங்காக இருபத்துநான்கு காட்டியது. பிறகு கடைசிப் பீரோவில் வைத்துக் கதவை மூடி, ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து பார்த்தபோது முப்பத்தொன்றரை.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள் இரண்டு முனைகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அதனால் அணைய வேண்டிய நேரத்தில் ஹீட்டர் அணையாமல் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. கடை வைத்திருந்த காலத்தில் இப்படிக் கருகிய முனைகளை எத்தனையோ பார்த்திருக்கிறார். வாடிக்கையாளரிடம், "ஒரு தெர்மாமீட்டர் போட்டு வெச்சிருந்தீங்கன்னா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்று புத்தி சொல்லியிருக்கிறார். அவர் கை ஏன் ஏமாந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெளியே முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் நடந்து வந்த கைக்கு முப்பத்தொன்று குளுகுளுவென்றுதான் இருக்கும். கை சொல்வது டிகிரி இல்லை, வித்தியாசம் மட்டும்தான். மெக்கானிக்குக்குத் தெரியாத விஷயமா அது?

தெரிந்த பிறகும் உடனே போய்ச் சொல்லவில்லை. அதுதான் அவர் வாழ்க்கையிலேயே கேவலமான காலம். முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து பீரோவைச் சரியாக்கினார். இனிமேல் சரியாக இருக்குமே, பழையதைக் கிளறுவானேன் என்று ஒருநாள் தோன்றியது. மேடம் அவமானப்படுவார், அவருக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறோம் என்று இன்னொரு நாள் தோன்றியது. கவுண்டர் வேலை டீச்சருக்கு வீட்டுக்குப் பக்கம், நல்லதுதான் என்றுகூட நினைத்துப் பார்த்தார்.

மனைவி தையல் மெஷினில் இருந்தபடியே, "என்னங்க, நாலு நாளா ஆளே சரியில்ல?" என்றாள். சொல்லிவிட்டார். அவள் மெஷினை நிறுத்தவில்லை, ஆனால் கால் மெதுவானது. "அந்த டீச்சர் என்கிட்ட ஒரு தடவை ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்தாங்க. உங்களப் பத்தி எவ்வளவு பெருமையாப் பேசினாங்க தெரியுமா?" என்றாள். தைத்துக்கொண்டிருந்த துணியை முடித்து நூலை அறுத்தாள். கடைசியில், "நான் புதுப் புடவை கட்டிக்கிட்டுக் கைதட்டினேனே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போனார். மேடம் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம், கடைசிப் பீரோ இருபத்தேழுல இல்ல."

"இப்பவா?"

"அப்பவும்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். டிகிரி தெர்மாமீட்டர் உடைந்த கதையை நின்றபடியே சொன்னார். மேடம் ரெஜிஸ்டரை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"இருபத்தாறு புள்ளி எட்டு. இது எப்படி வந்துது?"

டிகிரி கிட்டே வந்து அந்தக் கட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

"கை புள்ளி எட்டு சொல்லுமா அண்ணே?"

"இல்ல மேடம். மாத்தி மாத்திப் போட்டா நெசம் மாதிரி இருக்கும்னு போட்டேன்."

இதற்காவது கத்துவார் என்று எதிர்பார்த்தார். மேடம் கத்தவில்லை. "டீச்சர் போய் எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார்.

"பன்னெண்டு."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஒம்பது நாளா."

அந்த எண்ணைக் கேட்டதும்தான் மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார். "முதல் சுற்றுல வித்தியாசம் இல்லன்னு வந்துது. அதுதான் சரியான பதில். எனக்குப் பிடிக்கலன்னு நான் தூக்கி ஓரமாப் போட்டேன். நீங்க எழுதின பொய் எனக்குப் பிடிச்சிருந்துது, அதனால நான் போய் அந்தப் பீரோவை ஒரு தடவைகூடத் திறந்து பாக்கல. பழிய மட்டும் அந்தம்மா தலையில வெச்சேன்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த முப்பத்தொண்ணரைய அப்படியே எழுதியிருந்தீங்கன்னா, அதுவே நல்ல பதிலா இருந்திருக்கும். இத்தனை சூட்டுக்கு மேல கிருமி சுமந்த கொசு தாங்காதுன்னு. இப்போ அதையும் சொல்ல முடியாது. எந்த நாள் எத்தனை டிகிரி இருந்துதுன்னு யாருக்குத் தெரியும்?"

இரண்டு பேரும் அன்றே கவுண்டருக்குப் போனார்கள். டீச்சர் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நீளமான வரிசை. "ஆளுங்க நிக்கிறாங்க, கொஞ்சம் ஓரமா இருங்க" என்றார். ஒன்றரை மணி நேரம் சுவரோரமாக நின்றார்கள். நாற்காலி இருந்தும் டிகிரி உட்காரவில்லை.

வரிசை முடிந்ததும் டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மேடம் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு டிகிரி எல்லாவற்றையும் சொன்னார், அன்றைக்கு ஐந்து பேர் முன்னால் தரையைப் பார்த்ததையும் சேர்த்து. டீச்சர் துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி கேட்டார்.

"நான் தினமும் வீட்டுல ஊதிப் பாத்தேன் அண்ணே" என்றார் கடைசியில். "உள்ளங்கையில துளிப் பஞ்சு வெச்சு, குழாயால. பஞ்சு பறக்குதா பறக்கலையான்னு. நான்தான் கொன்னுட்டேனோன்னு நினைச்சு நினைச்சு. என் வீட்டுக்காரர், உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்குன்னார்."

டிகிரி கைகூப்பினார்.

"மன்னிப்பெல்லாம் இப்போ கேக்காதீங்க. குடுக்க எனக்கு வரல" என்று சொல்லிவிட்டு டீச்சர் சாப்பிடப் போனார்.

மேடம் பத்திரிகைக்கு எழுதி அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கடிதம் எழுதிய வெளிநாட்டுக்காரர்களுக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதினார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எந்தக் கூட்டத்துக்கும் அவரை யாரும் அழைக்கவில்லை. விசாரணையில் டிகிரி எதையும் பூசி மெழுகாமல் ஒப்புக்கொண்டார். அவரைக் கொசு அறையிலிருந்து எடுத்து, பழையபடி கட்டடத்தின் ஏசி வேலைக்கு அனுப்பினார்கள். ஸ்டோர்காரர்தான் பாவம், தான் விளையாட்டுக்குச் சொன்ன பேச்சால்தான் இவ்வளவும் வந்ததோ என்று ஒருநாள் வந்து வருத்தப்பட்டார். "நீ சொன்னா என்னய்யா, கை என்னோடதுதானே" என்று டிகிரி அவரை அனுப்பிவைத்தார்.

சோதனையை மேடம் முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை தானே எழுதிக்கொள்ளும் கருவி ஒவ்வொரு பீரோவிலும் இருந்தது. பீரோக்களும் நான்கு, முப்பத்துமூன்று டிகிரி வரைக்கும். மேடம் கெஞ்சிக் கேட்டதால் டீச்சர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்து வயிறு பிரித்துக் கொடுத்தார். நிரந்தரமாக வர மறுத்துவிட்டார். முடிவு ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வந்தது. இருபத்தேழில் கிருமி உள்ள கொசுவும் இல்லாததும் ஒன்றுபோலத்தான் வாழ்ந்தன. முப்பதைத் தாண்டினால்தான் சிவப்புக் கூண்டு சீக்கிரம் காலியானது, கிருமியும் பாதியில் வாடியது. மேடம் அதைத் தாழ்வாரத்தில் டிகிரியை நிறுத்திச் சொன்னார். சொல்ல வேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் இல்லை. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்ட டிகிரி, "நல்லது மேடம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போனதும் ஏணியைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

டீச்சர் எதிரே வரும் நாட்களில் தலையை அசைப்பார். முதலில் அதுவும் இல்லை. ஒரு வருடம் போனபின் தலையசைப்பு வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் "சாப்பிட்டாச்சா?" என்பது வந்தது. "ஆச்சு டீச்சர், நீங்க?" என்று டிகிரி கேட்பார், நின்று பேச மாட்டார். மன்னிப்பைப் பற்றி இருவருமே மறுபடி பேசவில்லை. ஒரு தடவை டிகிரி தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை மேசையில் வைத்தபோது டீச்சர், "வரப் பாக்கிறேன்" என்றார். வரவில்லை. டிகிரி அதில் குறை காணவில்லை, மனைவியையும் காண விடவில்லை.

ஓய்வு பெறும் வருடம் பிரிவு உபசாரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். இயக்குநர் மாறியிருந்தார். புதியவருக்குக் காரணம் புரியவில்லை. ஏதாவது மனக்குறையா என்று கேட்டார். "மேடை ஒத்துக்காதுங்க" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

இப்போது அவர்கள் குடியிருக்கும் தெருவில் யாருக்கும் பழைய கதை தெரியாது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர் ஒரு மாலை கேட்டருகே நின்று, "ஐயா எங்க வேலை பாத்தீங்க?" என்று விசாரித்தார்.

"ஏசி ரிப்பேருங்க" என்றார் அவர்.

உள்ளேயிருந்து துணி மடித்தபடி வந்த மனைவி, "ஏசி மட்டுமா? மலேரியா ஆராய்ச்சியில இருந்தார். கொசு வளத்தார்" என்றாள். வந்தவர் சிரித்துவிட்டு, அதெப்படி வளர்ப்பது, கடிக்காதா என்று ஆவலாகக் கேட்க ஆரம்பித்தார். அவள் கூண்டுக்குக் கை தைத்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். அவரோ, தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தது நினைவு வந்தவர்போலப் பின்பக்கம் போனார். மோட்டார் ஓடவில்லை. பேச்சுச் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.